என் பொண்ணோட வேலை போகணும்னு ஜெபிச்சேன்

சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் பேரு ஸ்டெல்லா, செவிலிமேட்டுல இருக்கேன். இந்தச் சாட்சிய எப்படிச் சொல்றதுன்னு எனக்கே சரியாத் தெரியல. ஆண்டவர் பதில் குடுத்தார், அது நிச்சயம். ஆனா நான் கேட்டது அது இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி, காலாண்டுப் பரீட்சை முடிஞ்சதும், பத்தாவது படிச்ச என் பொண்ணு ரூபி இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு உக்காந்துட்டா. கணக்குலகூட ஃபெயில். கேட்டா தலைவலின்னா. டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டார். சொன்னத ஒரு தடவையில புடிச்சுக்கிற பொண்ணு. அவளுக்கா படிப்பு வரல? எனக்கு ஒண்ணுமே புரியல.

ஆயுத பூஜை முடிஞ்சு, காந்தி ரோட்டுல ஒரு பட்டுப்புடவைக் கடையில அவளே போய் வேலைக்குச் சேந்துட்டா. நான் உபவாசம் இருந்தேன். அவங்களே இவள வேணாம்னு அனுப்பணும் ஆண்டவரேன்னு அழுதேன். நடந்தது என்ன? கடைக்காரர் என்னைப் பாத்து, இந்த மாதிரிப் பொண்ணு கிடைக்காதும்மான்னு பாராட்டுறார். பஸ்ஸுல அழுதுக்கினே வந்தேன். நான் பேசுறது ஆண்டவருக்குக் கேக்குதா, இல்லையா?

மார்கழியில ஒரு டீச்சர் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருக்காங்க. ரூபி நின்னப்புறம் அவ ஸ்கூலுக்கே மாத்தலாகி வந்த கணக்கு டீச்சர். தள்ளுபடி போக எவ்ளோன்னு ரூபி மனக்கணக்கா சொல்லிட்டு, பில் எழுத மட்டும் பக்கத்துப் பொண்ணக் கூப்ட்டிருக்கா. நீயே எழுதலாமேன்னு டீச்சர் கேட்டிருக்காங்க.

"எழுத்தெல்லாம் ஓடுது மேடம். ஒரு வரி படிக்கிறதுக்குள்ள அடுத்த வரியோட கலந்துடுது."

பெத்தவகிட்ட சொல்லாதத புடவை வாங்க வந்தவங்ககிட்ட சொல்லிட்டா. ஏன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல.

அந்த ஞாயித்துக்கிழமையே டீச்சர் வீட்டுக்கு வந்தாங்க. "அவளுக்குப் படிப்பு வராம இல்லம்மா. கண்ணால படிக்கிறதுதான் கஷ்டம். காதால படிக்கட்டும்."

ஜூன்ல கடை வேலைய விட்டுட்டு மறுபடி பத்தாவது சேந்தா. டீச்சர் பாடத்தைப் பேசிப் பதிவு பண்ணி போன்ல அனுப்புவாங்க. இவ அதக் கேட்டுக்கினே பாத்திரம் தேய்ப்பா. மத்த பிள்ளைங்க எழுதுற பதில இவ வாயால சொல்லுவா. புரியலன்னா டீச்சர் அங்கியே நிப்பாங்க, புரிஞ்சா மேல போவாங்க. பொதுப் பரீட்சையில இவ சொல்லச்சொல்ல எழுத ஒருத்தரையும் கூடுதல் நேரமும் கேட்டு வாங்கிக் குடுத்தாங்க. ரூபி பாஸ் பண்ணிட்டா. இப்ப பதினொண்ணாவது. தலைவலின்னு ஒரு நாளும் சொல்றதில்ல.

என் ஜெபத்தைக் கேட்டு அந்த வேலை போயிருந்தா டீச்சர் அவளப் பாத்தே இருக்கமாட்டாங்க. அப்ப நான் அழுதது வீணா? இல்ல, அந்த அழுகையத்தான் கேட்டாரா? பாஸ்டர்கிட்டயும் கேட்டேன். எனக்கும் தெரியலம்மான்னு சிரிச்சார்.

உங்க வீட்டுலயும் நீங்க கேக்குறதுக்கு நேர் எதிரா நடக்குதா? குழப்பமாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்குது. ஆனா கேக்குறத நிறுத்தாதீங்க. நான் தப்பாக் கேட்டும், அவர் என் பொண்ணுக்குச் சரியாக் குடுத்தார்.