திண்டிவனத்துக்கு நாக்கு நீட்டப் போனோம்

காலை பத்து மணிக்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டி ஏறினோம். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நானும் தரணேந்திரனும் எடை குறைக்க ஒரே வாரத்தில் இரைப்பையை வெட்டிக்கொண்டவர்கள். சென்னையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவர் செஞ்சிப் பக்கத்து ஜைனர், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரி. எனக்கு வயிறு சுருங்கியது, வாய் சுருங்கவில்லை. அவர் பார்க்கும் திண்டிவனத்துச் சீன வைத்திய அம்மாளைக் கேலி செய்து பத்திரிகைக் கட்டுரை எழுதுவதற்கென்றே கூடப் போனேன்.

விக்கிரவாண்டி தாண்டும்போது, முடி கொட்டுவதற்கு அந்த அம்மாள் கொடுத்த கஷாயப் பொடியை இரண்டு மாதமாகக் குடிப்பதாகத் தரணேந்திரன் சொன்னார். இறங்குகையில் படியில் தடுமாறி என் தோளைப் பிடித்தார்.

"காலு ரெண்டும் மரத்துப் போவுது சார். நடந்துக்கினே இருக்கும்போது காணாமப் பூடுது."

எடை குறைந்ததில் கால் இலேசாகிவிட்டது என்று நான் ஜோக்கடித்தேன்.

பதினொன்றரை மணி. மாடியில் இரண்டு அறை, சுவரில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த மனிதப் படம். ஐம்பது வயது வைத்தியர் நாக்கை நீட்டச் சொன்னார். என்னுடையது வெள்ளை. தரணேந்திரனுடையது பாலிஷ் போட்டதுபோல் வழவழவென்று சிவந்திருந்தது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தவர், அக்குபஞ்சர் ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை.

"ஆஸ்பத்திரில குடுத்த சத்து மாத்திரை போட்டுக்கினுதான இருக்கீங்க?"

"நிறுத்திட்டேம்மா. அந்தக் கேப்சூல் மாத்திரைக் கூட்ட மாட்டுத் தோலுல, எலும்புல பண்றாங்கன்னு மருமவன் போன்ல காட்னாரு. நாங்க முட்டையே தொட மாட்டோம். அதான் உங்க கஷாயம் இருக்குதே."

நீட்டிய நாக்கை உள்ளே இழுக்க மறந்து நின்றேன். என் கட்டுரை அங்கேயே செத்தது.

"என் பொடி மாத்திரையோட கூட எடுத்துக்கறது, அதுக்குப் பதிலா இல்லீங்க" என்றார் அந்த அம்மாள். "இத்தினூண்டு வயித்துல கஷாயம் எடத்த அடச்சிக்கினா பருப்பு எங்க எறங்கும்? கூடு இல்லாத மாத்திரையும் இருக்குது, டாக்டர ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். காலு தடுமாறுதே, சத்துக் கொறஞ்சு நரம்புக்குப் பூடுச்சு. இப்பவே ஆஸ்பத்திரி போங்க."

அவரே கார் பிடித்துக் கொடுத்தார்.

மதியம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை. ரத்தம் எடுத்தார்கள், சத்து மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். மாலை ஆறரைக்கு இரண்டாவது பாட்டில் வந்தபோது தரணேந்திரன் கையை இழுத்துக்கொண்டார். ஜைனர் வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் தண்ணீர்கூடக் குடிக்காதவர்.

"இது சாப்பாட்டுல சேருமாம்மா?"

"வாயில போனாதாங்க சாப்பாடு" என்றார் நர்ஸ்.

தரணேந்திரன் கையை நீட்டினார்.

கிளம்பும்முன், போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அவருடைய கால் பெருவிரலைக் கிள்ளினேன். இன்னும் பலமாகக் கிள்ளினேன். அவர் திரும்பாமல் நர்ஸிடம், கூடு இல்லாத மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.