மீதி: ஒன்று

இதை நம்பும்படி யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. சாய்ந்தமருதில், என் சொந்த வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. இதில் வரும் நேரங்களை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. கணினி காட்டியதையும் குறித்து வைத்திருந்ததையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லாம் ஒரு சின்னக் கணக்கில் தொடங்கியது. பூச்சியம் வர வேண்டிய இடத்தில் ஒன்று வந்தது.

என் பெயர் றுஸ்தா. வெப்அசெம்பிளி என்றொரு நிரல் வடிவம் இருக்கிறது. பல மொழிகளில் எழுதிய நிரல்களை அந்த வடிவத்துக்கு மாற்றி எங்கும் ஓட்டலாம். அப்படி ஓட்டுகிற மென்பொருளை உருவாக்கும் சிறிய குழு ஒன்றில், வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். எனக்குக் கொடுத்த பகுதி குப்பை அள்ளுவது. பயந்துவிடாதீர்கள், விளக்க இரண்டு நிமிடம் போதும். இது விளங்கினால்தான் பின்னால் வருவதும் விளங்கும்.

எங்கள் ஊர்க் கலியாணச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சஹன் தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சஹன் எடுக்க வருபவர் ஒரேயொரு விஷயத்தைத்தான் பார்ப்பார். இதில் யாருடைய கையாவது இருக்கிறதா? ஒரு கை இருந்தாலும் தொடமாட்டார். எல்லாக் கைகளும் எழும்பிவிட்டால் தூக்கிக்கொண்டு போவார், கழுவி அடுத்த பந்திக்கு வைப்பார். நிரலும் அப்படித்தான். ஓடும்போது நினைவகத்தில் இலட்சக்கணக்கான பொருள்களை உண்டாக்கும். யாரோ பிடித்திருக்கும் பொருளை விட்டுவைக்க வேண்டும். யாரும் பிடிக்காததை அள்ளி இடத்தைக் காலியாக்க வேண்டும். அந்தச் சஹன் எடுப்பவரைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க ஒரு சோதனை. பத்து இலட்சம் பொருள்களை உண்டாக்கும். ஒன்றரை மணி நேரம் அவற்றைப் போட்டு உருட்டும். கடைசியில் எல்லாவற்றையும் கைவிடும். பிறகு எண்ணிப் பார்க்கும். மீதி பூச்சியம் என்று வர வேண்டும்.

காலையில் ஓட்டினால் பூச்சியம். மத்தியானம் 12.45க்குத் தொடங்கி ஓட்டினால்... ஒன்று.

பந்தி முடிந்துவிட்டது. எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். வெறும் பாயில் ஒரேயொரு சஹன் மட்டும் கிடக்கிறது. எடுக்க வந்தவர் எடுக்கமாட்டேன் என்கிறார். அதில் ஒரு கை இருக்கிறதாம்.

கொழும்பிலிருந்து என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்புப் பிள்ளை பிரசாந் செய்தி அனுப்பினான். "அக்கா, எனக்கு எந்த நேரம் ஓடினாலும் பூச்சியம்தான். உங்கட மெஷினில மட்டும்தான் ஒண்டு நிக்குது."

என் மெஷினில் மட்டும். மத்தியானத்தில் மட்டும்.

நான் அப்போது இத்தாவில் இருந்தேன். என் கணவர் ஜெஸீம் சம்மாந்துறை வீதியில் ஒரு விபத்தில் மௌத்தாகிவிட்டார். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்பது எங்கள் முறை. முன் விறாந்தையை மறைத்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். என் வேலை அறை பின்பக்கம், குசினிக்குப் பக்கத்தில். அடுத்த வளவில் என் தங்கை அப்னாவின் வீடு. வேலியில் இருந்த இடைவெளியால் பின்கதவுக்கு வந்து சாப்பாடு தந்துவிட்டுப் போவாள். மற்றபடி நானும் கணினியும்தான்.

இத்தாவின் முப்பத்தோராவது நாள் வேலையை மறுபடி தொடங்கினேன். அன்று பிற்பகல் 1.52க்கு முன் கேற் திறந்தது.

டிக்... கொளுக்கி. கிறீச்... பிணைச்சல்.

எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஜெஸீம் சம்மாந்துறையில் படிப்பித்தார். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழும்பிவிடும் என்று, வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி உருட்டிக்கொண்டு வருவார். அதனால் எனக்கு முதலில் கேட்பது கொளுக்கிதான். 1.52. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவைத்துவிட்டு எழும்பிப் போய்ச் சோறு போடுவேன். இரண்டு வருடமாக அதுதான் வழக்கம்.

அன்றும் கை தானாக நிறுத்தியது. எழும்பி நடைக்கு வந்தேன். சத்தம் நின்றுவிட்டது. யாருமில்லை. திரும்பி வந்து ஓட்டத்தைத் தொடரவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கேற்றாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் 1.52. அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமை மட்டும் 11.42க்குக் கேட்டது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் நேரத்தோடே விடும். சனி, ஞாயிறு கேட்கவேயில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. என்னைப் பார்க்கப் பெண்கள் முன்பக்கத்தால் வருவார்கள். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் நின்று ஸலாம் சொல்லும்போதுதான் அவர்கள் வந்ததே எனக்குத் தெரியும். அவர்கள் வரும்போது கொளுக்கிச் சத்தம் கேட்டதில்லை. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அதற்கு மேல் யோசிக்காமல் விட்டேன்.

மௌத்தானவர்கள் திரும்பி வருவதில்லை. அதுதான் எங்கள் நம்பிக்கை, நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கேற்றைப் பற்றி அப்னாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது போய்ப் பார்த்து, அதை நிறுத்தியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு நாளில் நான் காத்திருந்தது அந்தச் சத்தம் ஒன்றுக்குத்தான்.

ஒருமுறை மட்டும் வேறு மாதிரிக் கேட்டேன். "ஆரும் வந்தாங்களாடி?"

"ஆரு வாற இந்த வெயிலுக்க? கறி ஆறுது, தின்னுங்க ராத்தா." என் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் அந்த ஒண்டு போகல்லியா?"

"இல்ல."

"பத்து இலட்சத்தில ஒண்டுதானேகா! எங்கட கடையில நாளைக்கி நூறு சாமான் தவறுது. நாங்க அழுறமா?"

"இது ஒவ்வொரு தரமும் ஒண்டு மிஞ்சும்டி. ஆயிரம் தரம் ஓடினா ஆயிரம். கடைசியில வீடே நிறஞ்சிரும்."

"அப்ப ஆரோ புடிச்சிட்டு இரிக்காங்க," என்றாள் அப்னா, பீங்கானை எடுத்துக்கொண்டே. "ஆரெண்டு பாத்து விடச் சொல்லுங்க."

இத்தா முடிய நான்கு நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை காலை, பிரசாந்தின் செய்தி வந்தது.

"அக்கா, திங்கள் காலம எட்டு மணிக்கு முதல் சரி வரோணும். இல்லாட்டி இந்தப் பகுதிய வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்களாம்."

அது போனால் எனக்கு வேலை இல்லை. வேலை மட்டுமா? அந்த மூன்று மாதமும் வெளியுலகத்திலிருந்து தினமும் என்னோடு கதைத்தது அந்த வேலைதான்.

அடுத்த செய்தி: "ஒருக்காத் தொடாம ஓட்டிப் பாருங்க. தொடங்கினதில இருந்து முடியிற வரைக்கும் கீபோட்டில கை வைக்கப்படாது."

நல்ல யோசனை. பிழை எங்கே என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். முதலில் விலக்க வேண்டியது மனிதரை.

12.45. தொடக்கினேன். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன்.

1.30. திரையில் எண்கள் ஓடின. வெளியே காற்றுக்கூட இல்லை.

1.52.

டிக்...

கிறீச்...

வலது கை நிறுத்தப் பார்த்தது. அசையவிடவில்லை.

வழக்கமாக நான் எழும்பினால் சத்தம் நின்றுவிடும். அன்று நான் எழும்பவில்லை. சத்தம் நிற்கவில்லை.

செருப்பு இரண்டும் விறாந்தையில் விழுந்தன. ஒன்று... பிறகு மற்றது.

கதவுத் திரையின் வளையங்கள் உரசின.

குளிர்சாதனப் பெட்டியின் மேல் மோட்டார் சைக்கிள் திறப்புக் கோர்வை வைக்கும் சத்தம். கிளிங். 1.54.

காலடி. வெறுங்கால். சீமெந்துத் தரையில் மெதுவாக...

குசினிக்குப் போனது. கொஞ்ச நேரம் நின்றது. அங்கே சோறு போட்டிருக்கவில்லை.

திரும்பியது.

நடையால் வந்தது. என் அறை வாசல்.

நான் திரையையே பார்த்தேன். எண்கள். எண்கள் மட்டும்.

பள்ளிக்கூடத்துச் சோக்குத் தூள் மணத்தது.

நாற்காலியின் முதுகு மெல்லப் பின்னால் சாய்ந்தது. யாரோ அதில் கை ஊன்றி நின்றால் சாயுமே, அப்படி.

2.01... 2.05...

திரும்ப வேண்டும் போல இருந்தது. அல்லாஹ்வே, எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா!

திரும்பவில்லை.

2.15. ஓட்டம் முடிந்தது.

மீதி: 0.

நாற்காலியின் முதுகு நிமிர்ந்தது.

திரும்பிப் போகும் காலடி கேட்கவில்லை. கேற் சாத்தும் சத்தமும் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை.

கணினியை மூடினேன். மூன்று நாள் திறக்கவில்லை. மறுநாள் வெள்ளி. 11.42க்குக் காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தேன். 11.50 ஆனது. பன்னிரண்டு ஆனது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னது மட்டும்தான் கேட்டது. வீடு அவ்வளவு காலியாக அதற்கு முன் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை இத்தா முடிந்தது. அப்னா வந்து தார்ப்பாயை அவிழ்த்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு முன் வாசலில் இறங்கினேன். வெயில் கண்ணைக் குத்தியது. கையால் மறைத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் பார்த்தேன்.

மதிலின் இரண்டு தூண்கள் நின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. ஒழுங்கையில் போன ஒரு ஆடு உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"கேற் எங்கடி?"

"எந்தக் கேற்?" அப்னா தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தாள். "ஓ, அதா! மச்சானக் கொண்டு போன அண்டே கழட்டினதுதானே. ஒரு பக்கம் இறுகிக் கெடந்த, மச்சான வெச்சுத் தூக்கிற சந்தூக்கு உள்ளுக்கு வரல்ல. அப்ராஸ்தான் கழட்டி எங்கட வளவுக்க கொண்டு வெச்சவரு. திரும்பப் பூட்ட மறந்தே பெயித்து."

அப்ராஸ் அவளுடைய கணவர். போய்ப் பார்த்தேன். அவர்களுடைய கிணற்றடியில், மதிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். பாகற்கொடி கேற் முழுக்கப் படர்ந்து காய்த்திருந்தது. கொளுக்கியை இழுத்துப் பார்த்தேன். துரு பிடித்து அசையவில்லை. கொடியின் சுருள் ஒன்று அதை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது.

"என்ன ராத்தா, ஒரு மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்டுமில்லடி."

உள்ளே வந்து கணினியைத் திறந்தேன். ஓட்டம் நிறுத்தப்பட்ட நேரங்களைக் கணினி தானாகக் குறித்து வைக்கும். அந்தக் கோப்பை எடுத்தேன். மொத்தம் ஐம்பத்து மூன்று வரிகள். திங்கள் முதல் வியாழன் வரை; வெள்ளியில் 11.42க்கு நான் சோதனை ஓட்டுவதில்லை. எல்லாமே 1.52. கடைசி வியாழனுக்கு மட்டும் வரி இல்லை.

அப்போதுதான் அந்த ஒன்று யாருடைய கை என்று விளங்கியது. ஓட்டத்தை நிறுத்தினால், அந்தக் கணத்தில் நிரல் எதை வைத்திருக்கிறது என்று எனக்குக் காட்டுவதற்காக, ஒரு பொருளை எடுத்துப் பிடித்துக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. அதை எழுதியவளும் நான்தான். பிடிப்பதற்கு எழுதியிருந்தேன். விடுவதற்கு எழுதவில்லை. பிரசாந் இடையில் நிறுத்துவதே இல்லை, அதனால் அவனுக்குப் பூச்சியம். காலையில் நானும் நிறுத்துவதில்லை. மத்தியானத்தில் மட்டும் நிறுத்தினேன். கேற் திறந்தது, நிறுத்தினேன்.

என்ன திறந்தது என்று அந்தக் கோப்பில் இல்லை. நேரம் மட்டும்தான் இருக்கிறது.

திருத்தம் மூன்று வரி. நிறுத்திய ஓட்டம் மறுபடி தொடங்கும்போது, நிறுத்தியபோது பிடித்த பொருளை விட்டுவிட வேண்டும். எழுதினேன். ஓட்டினேன். வேண்டுமென்றே 1.52க்கு நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, ஒன்றும் கேட்காதபோது தொடரவிட்டேன்.

மீதி: 0.