அண்ணியின் மடியில் விழுந்த வேர்நுனி

என் அண்ணி தையல்காரி. துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பேசிக்கொண்டே என் சட்டைக் கையைப் பிடித்திழுத்து, பிசிறை நறுக்கித் தன் மடியில் போட்டுக்கொள்வார். வீடு பெருக்குகிறவள் நான் என்பதால் அந்தப் பழக்கத்தை மட்டும் நான் குறை சொன்னதில்லை.

குனிந்தே தைத்து அண்ணிக்கு முதுகு போய்விட்டது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள், உயிரியலில் தேறினால். தனியாகப் போகக் கூச்சப்பட்டு, வீட்டில் நிம்மதியாக இருந்த என்னையும் மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார்.

பாடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. செல் பிரிவதற்கு முன் குரோமோசோம்கள் ஏன் இரட்டிக்கின்றன என்று நான் விழித்தபோது, "ரெண்டு கையும் ஒரே மாதிரி வரணும்னா துணிய ரெண்டா மடிச்சுத்தானே வெட்டுறோம்? அதான்" என்றார்.

செய்முறைதான் காலை வாரியது. வெங்காய வேரின் நுனியை வெட்டி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நசுக்கி, பிரிந்துகொண்டிருக்கும் செல்லைக் காட்ட வேண்டும். அண்ணியோ நுனியைப் பிசிறென்று நறுக்கி எறிந்துவிட்டு, மிச்ச வேரைச் சுத்தமாக வைத்துக்கொள்வார். மைக்ரோஸ்கோப்பில் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் சும்மா இருக்கும்.

"அம்மா, செல் பிரியிறதே அந்த நுனியிலதான். அதைத் தூக்கிப் போட்டுட்டு என்னத்தைத் தேடுறீங்க?" என்று ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். போன வருடத் தேர்வில் அப்படித்தான் கோட்டை விட்டார்; நான் எழுத்துத் தேர்விலேயே விழுந்திருந்தேன். இந்த முறையும் தேறாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

தேர்வன்று ஆளுக்கு ஒரே வேர் கொடுத்தார்கள். அண்ணி எனக்குப் பக்கத்து மேசை. கத்தரிக்கோலை எடுத்தார். நறுக். நுனி போயே போய்விட்டது. மிச்ச வேரைக் கண்ணாடியில் வைத்தார்.

நான் வாய் திறந்தால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பலமாக இருமினேன். அண்ணி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் வேரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. மறுகணம் கை தானாக மடிக்குப் போனது. துணி மடிப்பில் அந்த வெள்ளைத் துணுக்கு பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அதன்பின் நான் மூச்சே விடவில்லை. சாயம் போட்டார், கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தினார். தேர்வாளர் அம்மா வந்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார்.

"இது என்ன நிலை?"

"குரோமோசோம் எல்லாம் நடுவுல வரிசையா வந்து நிக்குதுங்க மேடம். இனிமேதான் பாதிப் பாதியா ரெண்டு பக்கமும் இழுத்துட்டுப் போகும்."

அந்த அம்மா சிரித்தபடி தலையாட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவர் என் மேசைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். என் வேர் வெட்டப்படாமல் கிண்ணத்திலேயே கிடந்தது.

அண்ணி தேறினார். நான் தேறவில்லை. முடிவு தெரிந்த அன்று வீடு வரைக்கும் அண்ணி என் கையை விடவே இல்லை.

"அழாதடி. அடுத்த வருஷம் ஜன்னலுக்கு வெளிய நின்னு நான் இருமுறேன்" என்றார்.