முயலுக்கு வைத்த எண்ணெய்

என் முயல்குட்டிகளைக் கொன்றது என் அண்ணன். இத்தனை வருடம் கழித்தும் இதை வேறு மாதிரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கூண்டு அடித்து, கறிக்கு விற்பதற்காக முயல் வளர்த்தேன். வீட்டுக்காரர் செங்கோட்டை மர மில்லிலேயே தங்கி வேலை பார்த்தார்; வாரம் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். முயல்கள் என் பொறுப்பு. தாய்ப்பால் மறந்த குட்டிகள்தான் பெரிய கவலை. புல்லும் தவிடும் எவ்வளவு தின்றாலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். மாட்டு டாக்டரிடம் கேட்டேன். தவிட்டில் துளி கடலை எண்ணெய் பிசைந்து வைக்கச் சொன்னார். எண்ணெய் புதிதாக இருக்க வேண்டும், அளவு மிஞ்சக் கூடாது என்றார். அப்படியே செய்தேன். குட்டிகள் திரண்டன. தடவினால் ரோமம் கையில் வழுக்கியது.

அண்ணனுக்குக் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க் கடை. குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் அவனிடம்தான் வாங்குவார்கள்.

நாத்தனார் பிரசவத்துக்காக நான் இலத்தூர் போக வேண்டி வந்தது. "முயலை நான் பாத்துக்கிடுதேன், நீ நிம்மதியாப் போயிட்டு வாட்டி" என்றான் அண்ணன். ஒரு போத்தல் நிறைய நல்ல கடலை எண்ணெய் எடுத்துவைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால், கூண்டுப் பக்கம் போகும் முன்பே நாற்றம். குட்டிகள் கழிந்து கழிந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. மூன்றுக்குத்தான் உயிர் இருந்தது. தவிட்டுச் சட்டியை முகர்ந்தேன். கெட்டுக் காறிப்போன எண்ணெய் வாடை அடித்தது. பக்கத்தில் அண்ணன் கடைத் தகர டப்பா இருந்தது. என் போத்தலைக் காணோம்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் கடைக்குள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என் எண்ணெய் எங்க?"

"கடையில சரக்குத் தீந்துபோச்சு, எடுத்து வித்துட்டேன்."

"அப்ப இது என்ன எண்ணெய்? இதைத் தின்னு குட்டியெல்லாம் செத்துக் கெடக்கு."

"போன சீசன்ல மிஞ்சினது. ஏட்டி, முயலுக்குத்தானே! மனுசனுக்கா குடுத்தேன்?"

டப்பாவை அவன் சோற்றில் கவிழ்த்தேன்.

"தின்னு. நீ மனுசன்தானே, தின்னு பாப்போம்."

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான். "பொம்பளைக்கு இவ்வளவு திமிரா?" என்றான்.

சாயங்காலம் அம்மா வந்தாள். "முயலுக்காகக் கூடப் பொறந்தவன் சோத்தைக் கெடுப்பியாட்டி? போய் மன்னிப்புக் கேளு."

"செத்தது என் உழைப்பும்மா. கேக்க மாட்டேன்."

வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து குழி தோண்டிக் குட்டிகளைப் புதைத்தார். மிஞ்சியவற்றுக்குத் தண்ணீரும் காய்ந்த புல்லும் மட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று போய்விட்டது. இரண்டு தேறின. அவற்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

அடுத்த சாரல் சீசனில் அண்ணன் வாசலில் வந்து நின்றான், ஒன்றுமே நடக்காதது போல.

"கடைக்குப் பெரிய மனுசங்க வந்திருக்காங்க. விருந்து வைக்கக் கொழுத்ததா ரெண்டு முயல் குடு."

அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். அம்மா அதற்கும் என்னைத்தான் ஏசினாள்.