ஏற்றலும் இல்லை, இறக்கலும் இல்லை

பேரின்பநாயகம் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கு ஓடப்போகிறாராம் என்று கமலாவதி சொன்னார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், உடுப்புத் துவைக்கும் இடத்தில். அவருக்குச் சொன்னது லொங்குய்யில் இருக்கும் மச்சாள். மச்சாளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். சனம் கதைக்குது என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பயணத்தின் அட்டவணையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான். அதில் அமெரிக்கா இருக்கவில்லை.

பேரின்பநாயகத்தார் திருகோணமலை பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருடம் நேரக்கணிப்பாளராக இருந்தவர். 1985இல் இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த மகள் யோகமலரிடம் வந்து அகதிக் கோரிக்கை வைத்தார். இரண்டு வருடமாகியும் முடிவு வரவில்லை. வந்தால்தான் ஊரில் தங்கிவிட்ட மனைவி பாலாம்பிகையைக் கூப்பிடலாம். முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போனால் கோரிக்கையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். அதை அவருக்குத் தமிழில் சொன்னவனும் நான்தான்.

அவருடைய மருமகன் அருமைநாதன் வேலை செய்யும் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையை ஜூலைக் கடைசியில் இரண்டு கிழமை மூடுவார்கள். அந்த நாட்களுக்கு மேற்பார்வையாளர் தன்னுடைய வான் வண்டியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வான். கஸ்பே வரை கரையோரமாகப் போய், நியூ பிரன்ஸ்விக் கடற்கரைகளையும் பார்த்து வருவது திட்டம்.

திட்டத்தைத் தன்னிடம் விடச் சொன்னார் பேரின்பநாயகத்தார். ஒவ்வொரு ஊரிலும் வந்துசேரும் நேரம், புறப்படும் நேரம், பிள்ளைகளுக்குச் சிறுநீர் கழிக்க ஆறு நிமிடம். ஏழு வயதுப் பேத்தி செலீன் திமிங்கிலம் பார்க்கவேண்டும் என்று பிரெஞ்சில் அடம்பிடித்ததால், திமிங்கிலத்துக்கு 2.10 முதல் 2.50 வரை ஒதுக்கினார். "மாமா, திமிங்கிலத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கோ. இல்லாட்டி அதுக்கு நேரம் தெரியாது" என்றார் அருமைநாதன். வானில் ஆறு படுக்கைகள், போவது ஐந்து பேர். ஆறாவதுக்கு எதிரே 'ஒதுக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கமலாவதி சொன்னது வெள்ளிக்கிழமை பின்னேரம். மறுநாள் காலை 6.15க்குப் புறப்பாடு. ஒரு பேச்சுக்குச் சொல்லிவைப்போம் என்று மூன்றாம் மாடியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஏறினேன். அவர் அட்டவணையை எடுத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் திரும்பிவரும் பாதையை வெட்டி, பக்கத்தில் தன் கையால் வேறு எழுதியிருந்தார். மேய்ன் மாநிலத்தை ஊடறுத்து வந்தால் அரை நாள் மிச்சமாம். அமெரிக்க எல்லை, காலை 11.40.

இது அமெரிக்கா என்றேன்.

"ஏத்திறதும் இல்லை, இறக்கிறதும் இல்லை, தம்பி. எங்கட வண்டி குருநாகல் டிப்போவின்ர எல்லைக்குள்ளால ஓடினாலும் அது திருகோணமலை வண்டிதான்."

அது டிப்போ, இது நாடு. எல்லையில் வானை மறித்துக் கடதாசி கேட்பார்கள், இறங்காவிட்டாலும் வெளியே போனதாகத்தான் பதிவார்கள் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினார். பழைய பாதையால் வரலாம், அரை நாள் போனால் போகட்டும் என்றார்.

எனக்கு லொங்குய் மச்சாள் ஞாபகம் வந்தது. இந்தத் திருத்தத்தை வேறு யாரும் பார்த்தார்களா என்று கேட்டேன். லொங்குய்யில் உறவினருக்கு ஒரு பிரதி கொடுத்தாராம். மற்றது செவ்வாய்க்கிழமை தபாலில் போய்விட்டது.

"ஆருக்கு?"

"குடிவரவுக் கந்தோருக்கு. அட்டவணை கந்தோரில பதியாமல் வண்டி வெளிக்கிடுறேல்லை. கோப்பு இலக்கமும் போட்டுத்தான் அனுப்பினனான்."

நாட்டை விட்டுப் போகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தமாதிரி ஆகிவிட்டது என்றேன். பக்கத்து அறையில் யோகமலர் பிள்ளைகளின் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பேரின்பநாயகத்தார் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்ப பாலாம்பிகை?"

வழக்கறிஞரோடு கதைத்துப் பார்ப்போம், கடிதம் கோப்பில் ஏறமுதல் அவர் விளக்கம் சொல்லலாம் என்றேன். எனக்கு அதில் நிச்சயம் இருக்கவில்லை. வழக்கறிஞரும் இன்றிலிருந்து விடுமுறையோ தெரியாது. தொலைபேசியில் அவருடைய இலக்கத்தைச் சுழற்றினேன். மறுமுனையில் மணி அடித்தது. பேரின்பநாயகத்தார் மணிக்கூட்டைப் பார்த்து அட்டவணையின் ஓரத்தில் 4.16 என்று குறித்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. சற்றுப் பொறுத்து, அதன் கீழே 4.18 என்று எழுதினார்.