லெட்சுமணன் சார் நடிக்காத நாடகம்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் உள்ள என் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. லீலாவின் குரல். "அண்ணே, அப்பா இன்னைக்குக் காலைல தவறிட்டாரு. வெள்ளிக்கிழமை ஃபியூனரல். நீங்க வந்தா அவருக்குச் சந்தோஷமா இருக்கும்." காலணியைக்கூடக் கழற்றாமல் அதை மூன்று முறை கேட்டேன். கடைசி வாக்கியம்தான் உறுத்தியது. நான் வந்தால் அவருக்கு எதற்குச் சந்தோஷம்?

லெட்சுமணன் சாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில் தைப்பிங் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, இங்கே நர்ஸாக வேலை பார்க்கும் ஒரே மகள் லீலாவுடன் மாசி என்ற புறநகரில் வந்து தங்கினார். நம் தமிழ்ச் சங்கக் கூட்டம் ஐந்து மணிக்கு என்றால் ஐந்து மணிக்கே வந்து நிற்கும் ஒரே மனிதர் அவர்தான். கூட்ட அறையின் சாவியை வைத்திருந்த நான் ஐந்தரைக்குப் போய்ச் சேருவேன். "ரயிலா இருந்தா போயிருக்கும்லா, தம்பி" என்பார். அவருடைய கோபம் அவ்வளவுதான்.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஜப்பானிலிருந்து ஒரு நாடகக் குழு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு ஆக்லாந்துக்கும் வந்தது. நூலகத்தில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டார். சங்கத்தின் நாடகப் பொறுப்பு என்னிடம் இருந்தது, காரும் இருந்தது. "புரியாத பாஷையில மூணு மணி நேரமா, சார்?" என்று இழுத்தேன். "எனக்குக் கொஞ்சம் புரியும், தம்பி. ஜப்பான்காரன் எங்க ஊரைப் பிடிச்சு வச்சிருந்த காலத்துல ஸ்கூல்ல அடிச்சு அடிச்சுச் சொல்லிக்கொடுத்தானுங்க. நல்ல வார்த்தை ஒன்னுகூடக் காதுல விழுந்ததில்ல. அவங்க வீட்ல எப்படிப் பேசிக்கிறாங்கன்னு ஒரு தடவ கேக்கணும்" என்றார். இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

கதை எளியது. மனைவியை இழந்த ஒரு முதியவர். மூன்று பிள்ளைகளும் அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று பேசக் கூடுகிறார்கள். பேச்சு அவர் எதிரிலேயே நடக்கிறது. அவர் ஒரு மாண்டரின் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சு ஓய்ந்த பிறகும் உரிக்கிறார். நார் நாராக எடுத்து, சுளை சுளையாகப் பிரித்து, மூன்று பேர் கையிலும் வைக்கிறார். ஐந்து நிமிடமாவது இருக்கும். ஒரு வசனம் கிடையாது. மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடிய பலகையும் இருண்டு கிடந்தது. அரங்கில் ஒருவரும் இருமவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். லெட்சுமணன் சாரின் கன்னம் நனைந்திருந்தது, அவர் துடைத்துக்கொள்ளவுமில்லை.

காரில் ஏறியதும், "இதை நாம தமிழ்ல போடலாம், தம்பி. அந்த அப்பாவை நான் செய்யிறேன். வேற எதுவும் உங்ககிட்ட கேக்க மாட்டேன்" என்றார். அதற்கு முன் அவர் எதையுமே கேட்டதில்லை.

அந்தக் கதையைத் தழுவி எழுதினேன். தீபாவளி விழாவில் இருபது நிமிடம் ஒதுக்கினார்கள். சனிக்கிழமைகளில் என் கராஜில் ஒத்திகை. மகளாக நடித்தவர் யாழ்ப்பாணத்துச் சிவமலர் அக்கா. சார் ஒரு பை மாண்டரினோடு வருவார். பழத்தை உரிக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். உரித்து முடித்துச் சுளைகளைக் கொடுத்த பிறகும் தலை குனிந்து அப்படியே உட்கார்ந்திருப்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். நம் விழாக்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்: மேடையில் ஒரு நிமிடம் சத்தம் நின்றால் போதும், சபையில் சமோசாவைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிடும். ஒரு சனிக்கிழமை ஓரத்தில் நின்று அவருடைய வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். "தெரியும், தம்பி" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் எடுத்துக்கொடுத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்று எல்லோரும் போன பிறகு சிவமலர் அக்காவிடம், "சாருக்கு மறதி வந்துருச்சுக்கா" என்றேன். "எனக்கு அப்பிடித் தெரியேல்லை தம்பி. எதுக்கும் ஒருக்கா அவரோட கதைச்சுப் பாருமன்" என்றார் அவர். நான் கதைக்கவில்லை.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டும், நாடகம் பன்னிரண்டு நிமிடம்தான் என்றார்கள். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. சங்கத்தில் இருந்த முப்பது வயது கோபியைப் பிடித்து, தலையில் பவுடர் கொட்டி அப்பாவாக்கிவிட முடிவு செய்தேன். சாருக்குப் போன் செய்து, "நேரத்தைக் கொறைச்சுட்டாங்க, சார். அப்பா வர்ற காட்சியையே எடுத்துட்டோம். பிள்ளைங்க பேசுறது மட்டும்தான்" என்றேன். அப்பாவைப் பற்றிய நாடகத்தில் அப்பாவே இல்லையாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "சரி தம்பி. உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்க" என்றார்.

லீலாவுக்கு அன்று மாலை டியூட்டி, சாருக்குக் கார் ஓட்டத் தெரியாது, எனவே வர மாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். திரை விலகியபோது மூன்றாவது வரிசையில் அவரைப் பார்த்தேன். கோபி ஒரே நிமிடத்தில் பழத்தை உரித்து, கண்ணைக் கசக்கி, உரக்க வசனம் பேசினான். சபை கைதட்டியது. அவரும் எழுந்து நின்று தட்டினார். பிறகு மேடைக்குப் பின்னால் வந்து கோபியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். என்னிடம், "பழத்தை இன்னும் மெதுவா உரிக்கலாம், தம்பி" என்றார். எனக்குச் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை தேட வேண்டியிருந்தது. அல்லது தேட வேண்டியிருந்ததுபோல் ஓடினேன். சிவமலர் அக்காவின் கணவர்தான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் போன் செய்யலாம் என்று நினைத்தேன். பிறகு தீபாவளி அலுப்பு, பிறகு வெட்கம். ஒரு வருடம் போனதும் வெட்கமும் பழகிவிட்டது. கோயிலில் பார்த்தால், "அடுத்த நாடகம் எப்போ, தம்பி?" என்பார். "போடணும் சார்" என்று சொல்லிவிட்டு நழுவுவேன். கடைசி ஒரு வருடம் அவரால் வெளியே வர முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்போதும் நான் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சடங்குகள் முடிந்த பிறகு லீலா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த நாடகத்துக்கு அப்பாவை நீங்க எவ்வளவோ கட்டாயப்படுத்தினீங்களாமே, அண்ணே. கால் வலின்னு அவரேதான் விலகிக்கிட்டாராம். அந்தத் தம்பி தங்கமான மனுஷன்னு சொல்லிட்டே இருப்பாரு" என்றார். பழைய கவர் ஒன்றையும் கொடுத்தார். "அவரோட டிராயர்ல இருந்துச்சு. எனக்குத் தமிழ் படிக்க வராது. உங்க கையெழுத்துன்னு மட்டும் தெரியுது." நான் எழுதிக் கொடுத்த வசனப் பிரதி அது. அப்பா சுளைகளைக் கொடுத்து முடிக்கும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இங்கே முப்பது மூச்சு. அதுவரை பேசக் கூடாது.' அவர் எதையும் மறக்கவில்லை. என் கராஜில் தலை குனிந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். லீலாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, தங்கமான மனுஷனாகவே அங்கிருந்து வெளியே வந்தேன்.

நம் இதழுக்கு அஞ்சலி எழுதும்படி கேட்டார்கள். இந்த இடம் வரை எழுதிவிட்டுத்தான் என் சாமர்த்தியம் எனக்கே விளங்கியது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறேன். பேனாவை வைத்துவிட்டு லீலாவைப் போனில் கூப்பிட்டேன். அப்பா விலகவில்லை, நான்தான் விலக்கினேன், அதையும் பொய் சொல்லிச் செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமா, நீங்க சொன்னது பொய்ன்னு?" என்று கேட்டார். "விழா அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்மா" என்றேன். "அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தாரு, அண்ணே. மாசி என்ன, ஊர்க் கோடியில இருக்கிற புக்கெகோஹியா? அவ்வளவு தூரமா?" என்றார்.

கார் எடுத்தால் கால் மணி நேரம், சார். நான் வரவில்லை. நீங்கள் போய் வாருங்கள்.