காதோரத்து வெள்ளைப் பொட்டு

ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் புத்தூர்ப் பக்கம் யாருக்குச் சேரும் என்று டீக்கடைக்கு டீக்கடை எல்லை பிரித்துக்கொண்டிருந்த காலம். என் இடது கண்ணுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி. மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் தடவிப் பார்த்தாயிற்று. கண் கெட்ட பிறகா சூரிய நமஸ்காரம் என்று சொல்லி, என்னைச் சித்தூருக்குப் பஸ் ஏற்றினார் வீட்டுக்காரர்.

அங்கே ஒரு தோல் டாக்டர் கொஞ்சம் கிள்ளிச் சோதித்துவிட்டுப் புற்று என்றார். கத்தி வைத்தால் கீழ் இமை இழுத்துக்கொள்ளுமாம். அதனால் குளிரில் உறைய வைத்துக் கொல்லலாம் என்றார். ஆழம் போதாவிட்டால் வேர் தங்கிவிடும், மிஞ்சினால் கண்ணே போய்விடும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எப்படிச் செய்வார் என்று பார்க்கிற ஆசை விடவில்லை.

சோடாக் கடைகளில் இருக்குமே, அதே கேஸ் சிலிண்டர். அதன் வாயில் துணிப்பையைக் கட்டித் திறந்ததும் புஸ்ஸென்று கேஸே உறைந்து, பை நிறைய ஐஸைவிடக் குளிர்ந்த வெள்ளைப் பொடி. அதைக் குச்சிபோல இறுக்கி, ஒரு ஆட்டுக்கறித் துண்டின் மேல் அழுத்தினார். பிறகு பிளேடால் அறுத்து, எவ்வளவு ஆழம் வெளுத்திருக்கிறது என்று காட்டினார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அது செத்த கறி டாக்டரய்யா. என் கன்னத்துல ரத்தம் சூடா ஓடிக்கினு இருக்குதே. குளிரை அது உள்ள உட்டுடுமா?"

வீட்டுக்காரர் முறைத்தார். டாக்டரோ சிரித்தபடி சட்டைக் கையை மடக்கினார். முழங்கை வரை வரிசையாக வெள்ளைப் பொட்டுகள். கறியில் பார்த்ததைத் தன் கையிலும் வைத்துப் பார்த்திருக்கிறார் மனிதர். ரத்தம் சூட்டைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால், கறியைவிடக் கையில் உறைந்த இடம் சீக்கிரம் இளகிவிடுகிறதாம்.

"ஆனா கன்னம் வேறம்மா. அங்க ரத்தம் ஜாஸ்தி. எவ்ளோ ஜாஸ்தின்னு எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தள்ளி, காதோரம் ஒரு தபா வெச்சுப் பாக்கட்டுமா?"

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தலையைத் திருப்பிக் காதைக் காட்டினேன், அவ்வளவுதான். சுருக்கென்று கடித்தது. குச்சியை எடுத்ததும், கல்லாக வெளுத்திருந்த இடம் அவர் நினைத்ததைவிடச் சீக்கிரம் இளகிவிட்டது. வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தவர், எவ்வளவு நேரம் வைப்பது என்ற கணக்கை மாற்றினார். கட்டியின் மேல் முதலில் திட்டமிட்டதைவிட அதிக நேரம் வைத்தார். நான் கண்ணை மூடி வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டாராம்.

கட்டி பொருக்காகி உதிர்ந்தது. அந்தக் கண்ணால்தான் இதைப் பார்த்து எழுதுகிறேன்.

திருப்பதியில் படிக்கும் என் தம்பி பேத்தி, புற்றை உறைய வைக்கும்போது சதைக்குள் சூடு எப்படி நகர்கிறது என்று இப்போது கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். ரத்த ஓட்டத்தைச் சேர்த்தால்தான் விடை சரியாக வருகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டி இருந்த இடம் இன்று எனக்கே தெரிவதில்லை. ஆனால் காதோரம், நோயே இல்லாத இடத்தில் இருக்கும் அந்த வெள்ளைப் பொட்டைத் தடவும்போதெல்லாம், ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொன்ன "எனக்குத் தெரியாது" என்கிற வார்த்தைதான் என் கண்ணைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொள்கிறேன்.